ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பது எதுவரை?

வாசகர் கேள்வி, ஜனவரி 9

எங்கள் சபையில் ஒரு சகோதரருக்கு வேலை போய் எட்டு மாதம் ஆகிறது. முதல் இரண்டு மாதம் எல்லாரும் ஓடி ஓடி உதவினோம். வாடகைக்குக் கொஞ்சம், பிள்ளைகளின் படிப்புக்குக் கொஞ்சம் என்று கொடுத்தோம். இப்போது எல்லாருக்கும் சலிப்புத் தட்டிவிட்டது. பவுல் கலாத்தியா நாட்டுச் சபைகளுக்கு எழுதிய கடிதத்தில், கலாத்தியர் 6:2 “ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து” என்கிறது, சரி. அதே அதிகாரத்தின் ஐந்தாம் வசனம் “அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே” என்கிறதே! அப்படியானால் உதவிக்கு ஒரு கெடு உண்டு என்றுதானே பொருள்? மேலும் மேலும் கொடுத்தால் ஆளையே கெடுத்துவிடுவோம் என்பது என் கருத்து. மறுக்கிறவர்கள் வசனத்தோடு மறுக்கவும்.

ஜனவரி 9, இரவு

வசனத்தோடே வருகிறேன். ஐந்தாம் வசனத்தைத் தனியாக எடுத்து வாசிக்கக் கூடாது. முதல் வசனம் தவறி விழுந்தவனைத் தூக்கி நிறுத்துவதைப் பற்றியது. சாந்தத்தோடு செய், நீயும் விழக்கூடும், எச்சரிக்கையாயிரு என்கிறார் பவுல். இரண்டாம் வசனம் பாரம் சுமக்கச் சொல்கிறது. மூன்றாம் நான்காம் வசனங்கள் சுமக்கிறவனைப் பார்த்துப் பேசுகின்றன: தன்னைப் பெரியவனாக எண்ணாதே, அடுத்தவனோடு ஒப்பிட்டு மேன்மை பாராட்டாதே, உன் வேலையை நீயே சோதித்துப் பார். அதன் தொடர்ச்சிதான் ஐந்தாம் வசனம். கர்த்தருக்கு முன்பாக என் கணக்கை நான் ஒப்புவிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரனின் குறை என் நிறையாகிவிடாது.

உதவி கேட்டு நிற்கிறவனைத் திருப்பி அனுப்புவதற்காக அந்த வசனம் எழுதப்படவில்லை. உதவி செய்கிறவனின் தலைக்கனத்தைத் தட்டுவதற்காக எழுதப்பட்டது. நாம் அதை எடுத்து எதிராளியின் பக்கம் திருப்பிப் பிடிக்கிறோம்.

ஒன்பதாம் வசனத்தையும் பாருங்கள். நன்மை செய்வதில் சோர்ந்துபோகாதீர்கள் என்கிறார். உங்கள் சபைக்கு வந்திருக்கும் சலிப்பு அவருக்கும் தெரிந்த சங்கதிதான்.

ஜனவரி 10

இரவெல்லாம் உங்கள் கேள்வி மனதில் ஓடிக்கொண்டிருந்தது. எட்டு மாதமாக அவருடைய எந்தப் பாரத்தைச் சுமந்தீர்கள்? பணம் கொடுத்திருக்கிறீர்கள், அது நல்ல காரியம், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வேலை போன மனிதனுக்குப் பணக் குறைவு ஒரு பாரம்தான். காலையில் எழுந்து போவதற்கு இடமில்லாதது ஒன்று. பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியாதது ஒன்று. ஐம்பது இடங்களுக்கு விண்ணப்பம் போட்டுப் பதில் வராதது ஒன்று. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் “ஏதாவது கிடைத்ததா?” என்று ஆளாளுக்குக் கேட்கும் கேள்வி ஒன்று. கடைசியாகச் சொன்னதைப் பலர் பாரமாகவே நினைப்பதில்லை. பத்துப் பேர் அன்போடு கேட்டாலும், பத்து முறை “இல்லை” என்று சொல்ல வேண்டியவர் அவர் ஒருவர்தான்.

யாராவது அவரோடு உட்கார்ந்து அந்த விண்ணப்பங்களை ஒருமுறை வாசித்தீர்களா? நேர்முகத் தேர்வுக்கு அவரோடு போய் வெளியே காத்திருந்தீர்களா?

ஜனவரி 10, மதியம்

“வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவுங்கூடாது” என்ற வசனத்தை எப்படியும் ஒருவர் கொண்டுவருவார் என்று எதிர்பார்த்தேன், கொண்டுவந்துவிட்டார். 2 தெசலோனிக்கேயர் 3:10. மனதில்லாதவனைப் பற்றி அது பேசுகிறது. வேலை கிடைக்காதவனும், உடம்பு முடியாதவனும் அதில் அடங்கமாட்டார்கள். அங்கேயும் மூன்று வசனம் தள்ளி, நன்மை செய்வதில் சோர்ந்துபோகாதீர்கள் என்று பவுல் மறுபடி எழுதியிருக்கிறார். சோம்பேறிகளைக் கண்டித்த கையோடு அதைச் சொல்கிறார். சிலர் ஏமாற்றினார்கள் என்பதற்காக மற்றவர்களிடம் கை மூடிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆதிச்சபை கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவும் இல்லை. 1 தீமோத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் விதவைகளுக்கு ஒரு பட்டியலே இருக்கிறது: அறுபது வயதுக்குக் குறையாதவள், பிள்ளைகளோ பேரன் பேத்திகளோ இருந்தால் முதலில் அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், அப்போதுதான் உண்மையாகவே யாருமற்றவர்களுக்குச் சபையால் உதவ முடியும். அன்பு விசாரித்துத்தான் செய்யும். விசாரிக்கிறவன் அந்த வீட்டுக்குப் போயாக வேண்டும், அவ்வளவுதான் என் வாதம். வீட்டுப் படியேறாமல் சபை மண்டபத்தில் நின்றுகொண்டு ஒருவனைச் சோம்பேறி என்று தீர்ப்பெழுத முடியாது.

ஜனவரி 14

வாதம் போதும், ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் ஜெபக்குழுவில் ஒரு பெரியவர் பக்கவாதத்தில் விழுந்தார். வலது பக்கம் முழுவதும் செயலிழந்துவிட்டது. ஆள் நல்ல உயரம், கனத்த உடம்பு. வீட்டில் அவரும் அவர் மனைவியும்தான். மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது தாதி சொல்லியனுப்பியது: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள், இல்லையென்றால் படுக்கைப்புண் வந்துவிடும். இரவுக்கும் அதே கணக்குதான். பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு. தன்னைவிட ஒன்றரை மடங்கு எடையுள்ள மனிதரை அந்த அம்மா தனியாகப் புரட்ட வேண்டும்.

நாங்கள் போனோம், ஜெபித்தோம், பாட்டுப் பாடினோம். அவருக்கு அது பெரிய ஆறுதல், கண்ணீர் விட்டார். கிளம்பும்போது வாசல்வரை வந்த அம்மாவிடம், “அக்கா, உங்களுக்கு இப்போது என்ன வேண்டும்?” என்று எங்களோடு வந்த ஒரு சகோதரி கேட்டார். அந்த அம்மா கொஞ்சம் தயங்கினார். பிறகு, “ஒரே ஒரு இரவு விடியும்வரை தூங்க வேண்டும்” என்றார்.

அடுத்த வாரத்திலிருந்து முறைவைத்துப் போனோம். வாரத்தில் ஒரு இரவு எனக்கும் இன்னொரு சகோதரருக்கும். புரட்டுவதை அந்த அம்மாதான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஒரு போர்வையை நீளவாக்கில் மடித்து, தோளிலிருந்து தொடைவரை அவருக்கு அடியில் விரித்திருப்போம். ஆளுக்கொரு பக்கம் நின்று, போர்வையின் ஓரத்தை உடம்போடு ஒட்டச் சுருட்டிப் பிடித்து, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். இழுக்கக் கூடாது. இழுத்தால் தோல் உரியும். புண் தொடங்குவதே அங்கேதான். பக்கவாட்டில் படுக்கவைத்த பிறகு முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. குதிகால் மெத்தையில் அழுந்தாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு துணிச் சுருள். கடைசியில் விரிப்பில் சுருக்கம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்து இழுத்துவிட வேண்டும். ஒரு சின்ன மடிப்பும் அவருக்குக் காயமாகிவிடும்.

அவர் எடை முழுவதும் எங்கள் முன்கையில் இறங்கும் அந்த நொடியில் நான் கலாத்தியர் 6:2-ஐ நினைத்ததுண்டு. எண்ணிக்கை தப்பி நான் இரண்டிலும் நண்பர் மூன்றிலும் தூக்கினால் பெரியவர் கோணலாகச் சாய்வார். பேச்சு வராத அவர் அந்த நேரத்தில் வாயின் ஒரு பக்கத்தால் சிரிப்பார். நாங்களும் சத்தம் வராமல் சிரிப்போம். பக்கத்து அறையில் அம்மா தூங்கிக்கொண்டிருப்பார்.

அவருடைய நோயை நாங்கள் எடுத்துப்போடவில்லை. அந்த அம்மாவின் பாரத்தில் இரவு என்ற ஒரு பங்கு மட்டும் எங்கள் கைக்கு வந்தது. சுமப்பது என்று நான் சொல்வது இதைத்தான்: ஒருவருடைய கஷ்டத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட வேலை, குறிப்பிட்ட நாளில், உங்கள் பொறுப்பாக மாற வேண்டும். அன்றைக்கு நீங்கள் போகாவிட்டால் அங்கே ஒன்று நடக்காமல் நின்றுபோக வேண்டும்.

ஜனவரி 15

“ஏதாவது தேவையென்றால் கூச்சப்படாமல் சொல்லுங்கள்” என்பதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நல்ல மனதோடுதான் எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் கஷ்டத்தில் இருப்பவருக்கு அது இன்னொரு வேலை. தனக்கு என்ன தேவை என்று யோசிக்க வேண்டும், யாரிடம் எதைக் கேட்கலாம் என்று எடைபோட வேண்டும், பிறகு வெட்கத்தை விட்டு வாய் திறக்க வேண்டும். அந்தச் சகோதரி கேட்ட கேள்வியிலிருந்து இது மாறுபட்டது. அவர் “இப்போது என்ன வேண்டும்” என்று கேட்டு, பதில் வரும்வரை நின்றார். அடுத்த வாரமே ஆளைக் கூட்டிவந்தார்.

முடிந்தால் நாளும் வேலையும் சேர்த்துச் சொல்லுங்கள். “வியாழக்கிழமை பரிசோதனைக்கு நான் அழைத்துப்போகிறேன், எட்டு மணிக்கு வரட்டுமா?” இதற்கு “சரி” என்றோ “வேண்டாம்” என்றோ சொன்னால் போதும்.

“சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்” என்று வெறுங்கையோடு அனுப்பிவைப்பவரை யாக்கோபு (2:16) கடிந்துகொள்கிறார். அந்த மனிதர் சொன்னதில் ஒரு சொல்கூடக் கெட்ட சொல் இல்லை.

ஜனவரி 15, சற்றுப் பிறகு

மேலே எழுதியதை வைத்து, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது உதவி ஆகாதா என்று ஒருவர் கேட்கிறார். ஆகும். யோபின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் சிறந்தது அதுதான். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகு யோபுக்கு அவர்களே பாரமானார்கள். துக்க வீட்டில் முறைவைத்துச் செய்ய வேலை இல்லை. அழுகிறவர்களோடு அழுங்கள் என்று ரோமர் 12:15 சொல்வதே அங்கே வேலை.

ஜனவரி 21

ஆதிச்சபை இதை எப்படிச் செய்தது என்று சரித்திரம் கேட்டவருக்கு. கொஞ்சம் நீளும்.

கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் சுமார் கி.பி. 197-இல் கிறிஸ்தவர்களுக்காக ரோம அதிகாரிகளுக்கு எழுதிய வாதத்தில் சபையின் பொதுப்பெட்டியைப் பற்றிச் சொல்கிறார். மாதம் ஒருமுறை, விரும்பியவர் விரும்பிய அளவு போடலாம், கட்டாயம் இல்லை. அந்தப் பணம் போன இடங்களைப் பாருங்கள்: ஏழைகளின் சாப்பாடும் அடக்கமும், பெற்றோரும் சொத்தும் இல்லாத பிள்ளைகள், வீட்டோடு முடங்கிய முதியவர்கள், கப்பல் உடைந்து வந்தவர்கள், விசுவாசத்துக்காகச் சுரங்கங்களுக்கும் தீவுகளுக்கும் சிறைக்கும் அனுப்பப்பட்டவர்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் தனியாகத் தூக்க முடியாத ஒரு சுமை இருக்கிறது. “எப்படி ஒருவரையொருவர் நேசிக்கிறார்கள், பாருங்கள்” என்று வெளியார் பேசிக்கொண்டதாக அவர் எழுதுவது இந்தப் பட்டியலை அடுத்துத்தான்.

மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் பெரிய கொள்ளைநோய் பரவியது. அலெக்சாந்திரியாவின் பிஷப் தியோனீசியு, சபையார் பலர் நோயாளிகளை விட்டு விலகாமல் பணிவிடை செய்து, நோய் தொற்றி, தாங்களும் செத்துப்போனதாக எழுதியிருக்கிறார். மூப்பர்களும் உதவிக்காரர்களும் அதில் இருந்தார்கள்.

என் மனதை அதிகம் தொடுவது இதற்கு அடுத்தது. கிறிஸ்தவத்தைக் கைவிட்டுப் பழைய தெய்வ வழிபாட்டை மீட்க முயன்ற பேரரசன் யூலியன் (ஆட்சி 361 முதல் 363 வரை) பெயரில் ஒரு கடிதம் இருக்கிறது. இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவன் அப்படித்தான் சொல்வான்) தங்கள் ஏழைகளோடு நம்முடைய ஏழைகளையும் ஆதரிக்கிறார்கள், நம்மவர்கள் நம்மிடம் உதவி பெறாமல் இருப்பது எல்லார் கண்ணிலும் படுகிறது என்று அதில் குறைபட்டுக்கொள்கிறான். கடிதம் யாருக்கு என்று பாருங்கள்: கலாத்தியா நாட்டின் தலைமைப் பூசாரிக்கு. அதே கலாத்தியா! பாரம் சுமக்கச் சொல்லிப் பவுல் எழுதி முந்நூறு ஆண்டு கழித்து, அந்த நாட்டிலேயே, எதிராளியின் வாயிலிருந்து இந்தச் சாட்சி வருகிறது.

ஜனவரி 22

ஒரு சகோதரி எழுதியிருப்பதை இரண்டு முறை வாசித்தேன். நோயாளியான மாமியார், வேலை, பிள்ளைகள், இதற்கு நடுவில் சபையில் யாருக்கு என்ன என்றாலும் முதலில் இவரைத்தான் கூப்பிடுகிறார்கள். மறுத்தால் அன்பில்லாதவள் ஆகிவிடுவேனோ என்று பயப்படுகிறார்.

சகோதரி, யாத்திராகமம் 18-ஐ இன்று இரவு வாசியுங்கள். காலைமுதல் மாலைவரை மோசே ஒற்றை ஆளாக உட்கார்ந்து ஜனங்களின் வழக்குகளைத் தீர்க்கிறார். மாமனார் எத்திரோ அதைப் பார்த்துவிட்டு, நீர் செய்வது நல்லதல்ல, நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்கிறார். ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் பத்துப் பேருக்கும் அதிபதிகளை வை என்கிறார். மோசே அந்தப் பேச்சைக் கேட்டார். அதற்கு முந்தின அதிகாரத்தில், போர் நடக்கும்போது உயர்த்திப் பிடித்திருந்த அதே மோசேயின் கைகள் அசந்துபோகின்றன. கல்லைக் கொண்டுவந்து உட்காரவைத்து, ஆரோனும் ஊர் என்பவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று சூரியன் மறையும்வரை கைகளைத் தாங்குகிறார்கள். “இன்னும் கொஞ்சம் விசுவாசமாகத் தூக்கும்” என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

இயேசு சொன்ன கதையில் வரும் நல்ல சமாரியனும் அப்படித்தான். வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் காயம் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், அன்று இரவு பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டான். மறுநாள் இரண்டு பணத்தைச் சத்திரக்காரன் கையில் கொடுத்து, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் பயணத்தைத் தொடர்ந்தான். முழுவதையும் அவனே செய்யவில்லை. ஆனால் கைவிட்டுவிட்டும் போகவில்லை. சத்திரக்காரனை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். பிறகு அந்த மனிதனைப் பார்த்துக்கொண்டவன் அவன்தானே.

உங்கள் வீட்டில் ஒரு நோயாளி இருக்கும்போது சபைதான் உங்கள் வீட்டுக்கு வர வேண்டும். இதை உங்கள் போதகரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். சொல்லத் தயக்கமாக இருந்தால் இந்தக் குறிப்பைக் காட்டுங்கள்.

பிப்ரவரி 2

உதவி வாங்கிக்கொள்வதைப் பற்றி யாரும் இதுவரை பேசவில்லை. கொடுப்பதைவிடக் கடினம் அது என்று எனக்குத் தெரியும். அறுவை சிகிச்சைக்குப் பின் நான் படுத்திருந்தபோது, என்னைவிட இளைய ஒருவர் என் கால் நகங்களை வெட்டிவிட்டார். குனிய முடியாத எனக்கு அது தேவையாக இருந்தது. அவர் பார்த்துவிட்டு, கேட்காமலே நகவெட்டியை எடுத்தார். தடுக்க வேண்டும் என்று கை எழும்பியது. இயேசு கால் கழுவ வந்தபோது பேதுருவும் “நீர் என் கால்களைக் கழுவப்படாது” என்றாரே!

கெத்செமனேயில் கர்த்தர் “என்னோடேகூட விழித்திருங்கள்” என்று சீஷர்களைக் கேட்டார். தமது துக்கத்தை அவர்களிடம் மறைக்கவில்லை. தெசலோனிக்கேயில் யாருக்கும் பாரமாயிராதபடி இரவும் பகலும் உழைத்த பவுல், சிறையிலிருந்தபோது எப்பாப்பிரோதீத்துவின் கையில் பிலிப்பியர் அனுப்பியதை நன்றியோடு வாங்கிக்கொண்டார். தங்களுக்கு எந்த உதவியும் வேண்டாம் என்று வாழ்கிறவர்கள் அடுத்தவர்களுக்கு “ஒருவர் பாரத்தை ஒருவர்” என்பதில் பாதியைக் கொடுக்காமலே வைத்துக்கொள்கிறார்கள்.

பிப்ரவரி 3

ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் ஒருவருடைய கடனையோ குடும்பச் சண்டையையோ குழுவெங்கும் பரப்பாதீர்கள். அவரைக் கேட்டு, அவர் சம்மதித்தால், அவர் சொல்லச் சொன்ன அளவுக்குச் சொல்லுங்கள். இதில் எனக்குக் கோபம் உண்டு. நம்பிச் சொன்ன ஒன்று நாற்பது பேர் வாயில் திரும்பி வந்ததால் சபைக்கு வருவதையே நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 19

கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார். மிகவும் சந்தோஷம். அவர் இன்னொருவரோடு அந்தச் சகோதரர் வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்தச் சகோதரர் வேலை தேடாமல் இல்லை. மூன்று இடங்களில் வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கிறது, போன் அடித்தாலே பயந்து எடுப்பதில்லை, அதனால் வேலைக்கு அழைத்தவர்களின் அழைப்பும் தவறிப்போயிருக்கிறது. எட்டு மாதம் கொடுத்த பணம் வட்டிக்குப் போயிருக்கிறது. இதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை.

இப்போது நமக்கு எழுதியவர் கேட்கிறார்: கடன் கொடுத்தவர்களிடம் அவருக்காக நானே பேசி முடித்துவிடவா?

வேண்டாம். யாத்திராகமம் 23:5-இல் ஒரு சட்டம் இருக்கிறது: உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால்கூட விலகிப் போகாதே, அவனோடுகூட இருந்து அதற்கு உதவி செய். கழுதைக்காரன் ஓரமாக உட்கார்ந்திருக்க நீ தனியாகத் தூக்கு என்று அதில் இல்லை. அவர் பேசட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். போவதற்கு முன்னால் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்: யாருக்கு எவ்வளவு, வாங்கியது எப்போது, இதுவரை கட்டியது எவ்வளவு, வட்டி என்ன, மாதம் எவ்வளவு கட்ட முடியும். கட்ட முடியாத தொகைக்கு அவரை ஒப்புக்கொள்ள விடாதீர்கள், பயத்தில் தலையாட்டிவிடுவார். எந்தக் கடனுக்கும் நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள். நீதிமொழிகள் 22:26 அதைத் தெளிவாகவே எச்சரிக்கிறது, உங்களுக்கும் குடும்பம் இருக்கிறது. பேசி முடித்ததைத் தேதியோடு எழுதி வாங்கி, ஒரு பிரதி அவரிடம் இருக்கட்டும். அன்றைய தினம் அவர் போனை உங்கள் முன்னாலேயே எடுத்து, தவறிப்போன அழைப்புகளுக்குத் திரும்பப் பேசச் சொல்லுங்கள். முதல் அழைப்பின்போது பக்கத்தில் இருங்கள்.